இணையத்தில் சேர்ந்து வாசிக்க எந்தக் கருவி வேண்டும்: ஒரு மில்லி விநாடிக் கணக்கு

வீடியோ அழைப்பில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டை வாசிக்க முயன்றால், நாலைந்து வரிகளுக்குள் தாளம் குலைந்துவிடும். மணிக்கணக்கில் பேசினாலும் குறை தெரியாத அதே இணைப்புதான். வாசிக்கத் தொடங்கியதும் மட்டும் அது ஏன் கைவிடுகிறது?

பலர் மைக்கைக் குற்றம் சொல்லி விலை உயர்ந்த மைக் வாங்குகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் இணைய வேகத்தைக் கூட்டுகிறார்கள். இரண்டுமே உண்மையான சிக்கலைத் தொடுவதில்லை. சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. ஒலி ஒருவர் கையிலிருந்து கிளம்பி இன்னொருவர் காதை அடையும் வரை எத்தனை மில்லி விநாடி ஆகிறது, அதில் எவ்வளவு எங்கே கழிகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கருவிக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அதிக மில்லி விநாடிகளை மிச்சப்படுத்தும் பொருள்கள்தான் பெரும்பாலும் மிகக் குறைந்த விலையில் கிடைப்பவை.

தாமதத்தைத் தூரமாக நினைத்துப் பாருங்கள்

அறை வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். ஒரே அறையில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் ஒலி உங்களுக்கு 9 மில்லி விநாடி கழித்துத்தான் கேட்கிறது. அதை யாரும் தாமதமாக உணர்வதில்லை.

எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நின்றால் 25 மில்லி விநாடி ஆகிவிடும். பெரிய மேடையின் இரு ஓரங்களில் நின்று வாசித்துப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். வாசிக்க முடியும், ஆனால் கவனம் வேண்டும். இணையத்தில் சேர்ந்து வாசிப்பவர்கள் பொதுவாக எல்லைக்கோடாக வைத்துக்கொள்வதும் இதே 25 முதல் 30 மில்லி விநாடியைத்தான். ஒரு பக்கம் கிளம்பி மறுபக்கம் போய்ச் சேர ஆகும் மொத்த நேரம் இது.

வீடியோ அழைப்புகளில் இந்தத் தாமதம் 150, 200 என்று போவது சாதாரணம். தூரமாக மாற்றினால் 50 முதல் 70 மீட்டர். கால்பந்து மைதானத்தின் ஒரு கோல் கம்பத்தடியில் ஒருவரும் நடுக்கோட்டுக்கு அப்பால் இன்னொருவரும் நின்றுகொண்டு ஒரே தாளத்தில் வாசிப்பது போன்ற நிலைமை. பேச்சில் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்குகிறார் என்பதால் இந்த இடைவெளி உறுத்தாது. இசையில் இருவரும் ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, அழைப்பு மென்பொருள்கள் இரைச்சலை நீக்குகிறோம் என்று நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழல் சுரத்தை மின்விசிறிச் சத்தமாக எடுத்துக்கொண்டு மழுங்கடித்துவிடும். அது தனி வேதனை.

தாமதம் கூடினால் தாளத்துக்கு என்ன ஆகிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் கிறிஸ் சாஃபேயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, ஒருவர் கைதட்டலோடு மற்றவர் கைதட்டல் பின்னிக்கொள்ளும்படி தட்டச் சொல்லி, இடையில் தாமதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தாமதம் நீண்டபோது வேகம் படிப்படியாகக் குறைந்தது. ஒவ்வொருவரும் மற்றவரைத் தாமதமாகக் கேட்கிறார். அவருக்காக ஒரு நொடிக்கீற்று காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு மறுபக்கம் இன்னும் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. இப்படியே காலப்பிரமாணம் சரிகிறது. வியப்பு என்னவென்றால், தாமதம் மிக மிகக் குறைவாக இருந்தபோது வேகம் கூடியது. சுமார் 10 முதல் 20 மில்லி விநாடியில்தான் தாளம் நிலையாக நின்றது. ஆகவே தாமதத்தைப் பூஜ்யமாக்க யாரும் தவிக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

அந்த 25 மில்லி விநாடி எங்கே செலவாகிறது

நன்றாக அமைந்த ஓர் இணைப்பில் ஒலி போகும் பாதையைப் பார்ப்போம். அருகருகே உள்ள இரண்டு ஊர்களில் இருவர், நடுவில் ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் தோராயமானவை.

1. மைக் பிடித்த ஒலியை எண்களாக மாற்றுவது: சுமார் 1 மில்லி விநாடி.

2. உள்வரும் பஃபர்: 2.7. கணினி ஒலியைத் துளித்துளியாகக் கையாள்வதில்லை, கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக எடுக்கிறது. அப்படிச் சேர்த்து வைக்கும் இடம்தான் பஃபர். ஒலியை ஒரு முறை அளந்து எடுக்கும் எண்தான் சாம்பிள். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் 128 சாம்பிள் சேர 2.7 மில்லி விநாடி ஆகும். 64 என்றால் 1.3. 256 என்றால் 5.3.

3. வீட்டிலிருந்து சர்வர் வரை: 5.

4. சர்வரில் வந்து சேரும் பாக்கெட்டுகளை, அதாவது ஒலியைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பொட்டலங்களை, ஒழுங்குபடுத்தும் பஃபர்: 5.

5. சர்வரிலிருந்து அடுத்தவர் வீடு வரை: 5.

6. அங்கே மீண்டும் ஒழுங்குபடுத்தும் பஃபர்: 5.

7. வெளியேறும் பஃபரும் எண்களைத் திரும்ப ஒலியாக்குவதும்: சேர்த்து 3.7.

கூட்டினால் 27 சொச்சம். இதை வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான் பார்க்க வேண்டும். எந்த ஒரு வரியும் தனியாகப் பெரிதாக இல்லை. ஆனால் ஒரே ஒரு தவறான பொருள் உள்ளே நுழைந்தால் மொத்தக் கணக்கும் கவிழும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் மட்டுமே 100 முதல் 200 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் விலை உயர்ந்ததாக வாங்கிவிட்டு இதை மாட்டிக்கொண்டால், செலவழித்த காசு முழுக்க வீண்.

வேகம் வேறு, தாமதம் வேறு, சீரின்மை வேறு

இணைய நிறுவனங்கள் விற்பது வேகத்தை. விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது குழாயின் அகலம். அகலமான குழாயில் தண்ணீர் நிறைய வரும், ஆனால் மறுமுனையில் திறந்த முதல் துளி வந்து சேரும் நேரத்தை அகலம் தீர்மானிப்பதில்லை. இசைக்குத் தேவைப்படும் அகலமும் சொற்பம்தான். சுருக்காத ஒற்றைத் தட ஒலிக்கு, 48,000 சாம்பிள், 16 பிட் என்றால் விநாடிக்கு 768 கிலோபிட். ஓபஸ் போன்ற முறையில் சுருக்கினால் இன்னும் குறையும். எனவே அதிவேகத் திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் எதையும் தீர்க்காது. ஃபைபர் இணைப்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அதன் மிகக் குறைந்த வேகத் திட்டமே போதும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படாதது, ஆனால் அதிகம் தொல்லை தருவது: சீரின்மை. ஒலி 2.7 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் என்று சீராகக் கிளம்புகிறது. வந்து சேரும்போது அந்த ஒழுங்கு இருப்பதில்லை. ஒன்று 5 மில்லி விநாடியில் வரும், அடுத்தது 6, அதற்கடுத்தது 19. தாமதமாக வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கத்தான் மேலே சொன்ன ஒழுங்குபடுத்தும் பஃபர். அதையும் தாண்டி ஒன்று பிந்தினால் அந்த இடத்தில் ஒலி இருக்காது. ‘டப்’ என்று ஒரு வெடிப்போ கரகரப்போ கேட்கும். வெடிப்பைத் தவிர்க்க பஃபரைப் பெரிதாக்கினால் தாமதம் கூடும். ஆக, சீரற்ற இணைப்பு என்பது மெதுவான இணைப்புதான், சராசரி எண் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இனி கருவிகளுக்கு வரலாம்.

முதல் செலவு: லேன் கேபிள்

வைஃபையில் ஒரே அலைவரிசையை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும், பக்கத்து வீட்டுக் கருவிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டுமே திரும்ப அனுப்ப வேண்டும். போதாக்குறைக்கு, லேப்டாப் அவ்வப்போது வேறு வைஃபை ஏதும் உண்டா என்று சுற்றிப் பார்க்கும். அந்த நேரத்தில் தாமதம் திடீரென்று எகிறும். படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அங்கே பல விநாடிகள் முன்கூட்டியே சேமித்து வைக்கிறார்கள். இசையில் சேமித்து வைக்க நேரமே கிடையாது.

ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக ஒரு லேன் கேபிள். கேட் 5இ வகையே தாராளம். 100 மீட்டர் வரை தயங்காமல் இழுக்கலாம். அதைவிட உயர்ந்த வகைக் கேபிளால் இங்கே ஒரு லாபமும் இல்லை. லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். வீட்டு மின்கம்பி வழியாக இணையத்தைக் கடத்தும் அடாப்டர்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றிலும் சீரின்மை உண்டு, ஒரு மிக்சி ஓடினாலே நிலைமை மாறிவிடும்.

வைஃபையில் ஒருபோதும் நடக்காது என்றில்லை. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே, 5 கிகாஹெர்ட்ஸில், சுற்றிலும் நெரிசல் இல்லாத இடத்தில் சமாளித்துவிடலாம். ஆனால் குழுவில் ஒருவருடைய சீரின்மை அவரோடு நிற்பதில்லை. அவருடைய ஒலியில் வரும் வெடிப்புகளை எல்லோரும் கேட்க வேண்டும், அவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இதை முதல் செலவாகச் சொல்கிறேன்.

கேபிள் போட்ட பிறகும் ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் யாராவது புகைப்படங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினால், ரவுட்டரில் அந்தப் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் இசையும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். தாமதம் நூற்றுக்கணக்கான மில்லி விநாடி வரை ஏறலாம். கண்டுபிடிப்பது எளிது: ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பிங் (ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) எத்தனை மில்லி விநாடி என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது 8, ஏற்றும்போது 200 என்றால் அதுதான் நோய். வாசிக்கும் ஒரு மணி நேரம் தானாக இணையத்தில் ஏறும் பேக்கப்புகளை நிறுத்தி வைப்பது இலவச மருந்து. வரிசையை முறைப்படுத்தும் வசதி உள்ள ரவுட்டர் காசு கொடுத்து வாங்கும் மருந்து. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏறும் பல பழைய ரவுட்டர்களிலேயே அந்த வசதியைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது: கம்பி உள்ள ஹெட்ஃபோன்

புளூடூத் ஏன் கூடாது என்று பார்த்துவிட்டோம். ஒலிபெருக்கியும் கூடாது. ஒலிபெருக்கியில் வரும் மற்றவர்களின் வாசிப்பு உங்கள் மைக்கில் நுழைந்து, அவர்களிடமே தாமதமாகத் திரும்பிப் போகும். தான் வாசித்ததே எதிரொலியாக வந்தால் யாராலும் தாளம் பிடிக்க முடியாது. அழைப்பு மென்பொருள்களில் இருக்கும் எதிரொலி நீக்கம் இசை மென்பொருள்களில் இருப்பதில்லை. இருந்தால் ஒலி கெட்டுவிடும்.

காதை முழுக்க மூடும், பின்பக்கம் அடைத்த வகை நல்லது. உள்ளே ஒலிப்பது மைக்குக்குக் கசியாது, உங்கள் சொந்த வாத்தியத்தின் ஒலியும் வெளியிலிருந்து அதிகம் வராது. இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு முக்கியம் என்பது கொஞ்சம் கீழே தெரியும். கையில் இருப்பது போனோடு வந்த கம்பி இயர்ஃபோன் என்றால் அதிலேயே தொடங்குங்கள். அடுத்துப் பார்க்கப்போகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் பல 6.35 மில்லிமீட்டர் துளையோடு வருகின்றன, 3.5 மில்லிமீட்டரிலிருந்து அதற்கு மாற்றும் ஒரு சின்ன அடாப்டரைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது: ஆடியோ இன்டர்ஃபேஸ்

உண்மையில் யோசித்து வாங்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான்.

மைக்கையோ வாத்தியத்தையோ கணினியோடு இணைக்கும் சிறிய பெட்டி. ஒலியை எண்ணாக்குவதும் எண்ணை ஒலியாக்குவதும் இதன் வேலை. கணினிக்குள்ளேயே இருக்கும் ஒலி அட்டையும் இதைச் செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது. ஆனால் விண்டோஸில் அதன் ஒலி, பல நிரல்களின் ஒலிகளைக் கலக்கும் ஒரு பொதுப் பாதை வழியாகப் போகிறது. அங்கே பத்து இருபது மில்லி விநாடிகள் எளிதாகக் கழிந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1990களில் ஏசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. டிரைவர் என்பது கணினியும் கருவியும் பேசிக்கொள்ள உதவும் சிறு நிரல். இசை மென்பொருள் அந்தப் பொதுப் பாதையைத் தாண்டி நேரடியாகக் கருவியோடு பேச அது வழி செய்கிறது.

எனவே விண்டோஸ்காரர்கள் பெட்டியின் மேல் தேட வேண்டிய முதல் விஷயம்: தயாரிப்பாளரே எழுதிய ஏசியோ டிரைவர் உண்டா? விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றுக்கு அது கிடையாது. அவற்றுக்கு ஏசியோ4ஆல் என்ற இலவச இடைநிலை டிரைவரைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அது சாதாரண விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்திய ஒரு போர்வை. சில கணினிகளில் அருமையாக வேலை செய்யும், சிலவற்றில் பஃபரைக் குறைத்ததும் கரகரக்கும். ஒரே நிறுவனத்தின் பக்கத்துப் பக்கத்து மாடல்களிலேயே இந்த வேறுபாடு உண்டு. பெரிஞ்சரின் யூஎம்சி22 பெட்டி ஏசியோ4ஆலை நம்பியிருக்கிறது, அதற்கு ஒரு படி மேலே உள்ள யூஎம்சி202எச்டி சொந்த டிரைவரோடு வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நமக்கு முக்கியமான ஒரே விஷயத்தில் அவை வேறு.

மேக் கணினியிலும் ஐபோனிலும் இந்தக் கவலை இல்லை. அங்கே இயங்குதளத்தின் ஒலி அமைப்பே குறைந்த தாமதத்துக்காக வடிவமைக்கப்பட்டது. தனி டிரைவர் கேட்காமல் இயங்கும் எந்த யூஎஸ்பி பெட்டியும் போதும். லினக்ஸிலும் அதே வகைப் பெட்டிகள் நன்றாக ஓடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை:

1. உங்கள் வாத்தியத்துக்கு ஏற்ற துளை. மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் துளை. எலக்ட்ரிக் கிட்டாருக்கும், உட்பெருக்கி இல்லாத பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு கருவி) பொருத்திய வயலின் போன்றவற்றுக்கும் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறிப்பிட்ட உயர் மின்தடைத் துளை. சாதாரணத் துளையில் செருகினால் ஒலி மந்தமாகிவிடும். கீபோர்டுக்கு லைன் துளை.

2. கண்டென்சர் என்ற நுட்பமான, மின்சாரம் கேட்கும் வகை மைக் என்றால் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான்.

3. தனி ஒலியளவுக் குமிழோடு ஹெட்ஃபோன் துளை.

4. ‘டைரக்ட் மானிட்டர்’ வசதியை முழுக்க அணைக்க ஒரு வழி.

இந்த நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டைரக்ட் மானிட்டர் என்பது உங்கள் ஒலியைக் கணினிக்குப் போகாமல் நேராக உங்கள் ஹெட்ஃபோனுக்கே அனுப்புவது. பதிவு செய்யும்போது அது பெரிய வரம். சேர்ந்து வாசிக்கும்போது அதுவே தாளத்தைக் கெடுக்கும். உங்கள் ஒலி உடனே கேட்கிறது, மற்றவர்களுடையது 27 மில்லி விநாடி பிந்திக் கேட்கிறது. பிந்தி வரும் அவர்களோடு ஒட்ட நீங்கள் உங்கள் கையைப் பிந்த விடுவீர்கள். அந்தப் பிந்திய ஒலி அவர்களை இன்னொரு 27 கழித்து அடையும். ஸ்டான்ஃபோர்டு கைதட்டலில் நடந்த அதே சரிவு. மாறாக, உங்கள் ஒலியும் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே உங்களுக்குக் கேட்டால், எல்லோருடைய ஒலியும் சர்வரில் கலந்த ஒரே கலவையாகக் காதில் விழுகிறது. அந்தக் கலவையில் ஒட்டி ஒலிக்க உங்கள் கை தன்னை அறியாமலே ஒரு துளி முந்திக்கொள்ளும். எல்லோரும் அப்படிச் செய்யும்போது தாளம் நிற்கிறது.

கீபோர்டு, எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது சுலபம். அவர்களுக்கு ஹெட்ஃபோனுக்கு வெளியே ஒலியே இல்லை. பாடுபவர்களுக்கும் வயலின், தாள வாத்தியக்காரர்களுக்கும் முதலில் சங்கடமாக இருக்கும். சொந்த ஒலி எலும்பு வழியாகவும் காற்று வழியாகவும் உடனே கேட்கும், ஹெட்ஃபோனில் பிந்தி இன்னொரு முறை கேட்கும். அடைத்த ஹெட்ஃபோன் உதவுவது இங்கேதான். மீதி பழக்கத்தில் வர வேண்டும். நாலைந்து அமர்வுகள் பொறுத்துப் பாருங்கள்.

சரி, எதற்குப் பணம் தரத் தேவையில்லை? விநாடிக்கு எத்தனை ஆயிரம் சாம்பிள் என்பதைச் சொல்லும் 96, 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களுக்கு வேண்டாம். இணையத்தில் சேர்ந்து வாசிக்க உதவும் ஜாமுலஸ் மென்பொருள் 48 கிலோஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. எட்டு துளைகள், உள்ளமைந்த எதிரொலி விளைவுகள், புளூடூத் இணைப்பு எதுவும் வேண்டாம். வண்ண விளக்குகளும் கைதட்டல் பொத்தான்களும் உள்ள ‘லைவ் சவுண்ட் கார்டு’ பெட்டிகள் ஏறக்குறைய அதே விலையில் கண்ணில் படும். அவை நேரலை நடத்துபவர்களுக்கானவை. டிரைவரும் இருக்காது, சுத்தமான ஒலியும் வராது.

பழைய பெட்டி வாங்குவது நல்ல யோசனை. இதில் தேய்ந்துபோக அதிகம் எதுவும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: உங்கள் இயங்குதளத்தின் இப்போதைய பதிப்புக்குத் தயாரிப்பாளர் டிரைவர் தருகிறாரா, இணைப்பு யூஎஸ்பியா. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைப் பெட்டிகள் ஒரு காலத்தில் மிகத் தரமானவை, இன்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் இன்றைய கணினிகளில் செருக இடம் இருக்காது.

மைக்: கடைசியில் யோசிக்க வேண்டியது

ஒலித்தரத்தில் மைக் பெரிய மாற்றம் தரும். தாமதத்தில் தராது. ஆகவே கையில் உள்ளதை வைத்துத் தொடங்கலாம்.

வாங்குவதாக இருந்தால், சாதாரண அறையில் வாசிப்பவர்களுக்கு டைனமிக் வகை பொருந்தும். பக்கத்தில் உள்ளதை மட்டும் பிடிக்கும், தெருச் சத்தத்தையும் அறை எதிரொலியையும் அதிகம் சேர்க்காது, 48 வோல்ட் கேட்காது, கீழே விழுந்தாலும் தாங்கும். மென்மையான வாத்தியங்களுக்கு அதன் ஒலி சற்றுக் குறைவாக வரும். அப்போது கண்டென்சர் நல்லது, அறை அமைதியாக இருந்தால். எந்த மைக்கானாலும் நெருங்கி நில்லுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் காற்றிலேயே 3 மில்லி விநாடி போய்விடும். இருபது சென்டிமீட்டருக்கு வந்தால் அது ஒன்றுக்கும் குறைவு. இதைவிட மலிவாக மில்லி விநாடி எங்கும் கிடைக்காது.

யூஎஸ்பி மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் பதிலாக வாங்கலாமா? புதிதாக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஏசியோ டிரைவர் இல்லை. ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதிலேயே உள்ள ஹெட்ஃபோன் துளையில் கேளுங்கள். ஒலி ஒரு கருவி வழியாக நுழைந்து இன்னொரு கருவி வழியாக வெளியேறினால், இரண்டின் உள் கடிகாரங்களும் இம்மியளவு வேறுபட்டு ஓடி, சிறிது நேரத்தில் இடைவெளிகளும் வெடிப்புகளும் வரும்.

கணினி புதிதாக வேண்டியதில்லை

பத்து வருடப் பழைய லேப்டாப்புக்கே இந்த வேலை சுலபம். வேகமான செயலி இங்கே பெரிதாக உதவாது. கணினி சொன்ன நேரத்துக்கு ஒலியைக் கவனிக்கிறதா என்பதே கேள்வி. சில மில்லி விநாடி அது வேறெங்காவது பார்த்துவிட்டால் கரகரப்பு. விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவச நிரல் எந்த டிரைவர் இப்படி இடைமறிக்கிறது என்று காட்டும். குற்றவாளி பெரும்பாலும் வைஃபை டிரைவர். கேபிள் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, வைஃபையை அணைத்துவிடுங்கள். மின் அமைப்பை முழுத் திறனுக்கு மாற்றுங்கள், உலாவியை மூடுங்கள். சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வந்தால் வாசிக்கும்போது பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

கணினியே இல்லையென்றால் ராஸ்பெரி பை 4 ஒரு நல்ல வழி. 2019இல் வந்த இந்தப் பலகையில் லேன் இணைப்பு தனியாக உள்ளது. இதற்கு முந்தையவற்றில் லேனும் யூஎஸ்பியும் ஒரே பாதையைப் பகிர்ந்தன, ஒலிப் பெட்டியையும் செருகினால் நெரிசல். லினக்ஸ் கட்டளைகளுக்கு அஞ்சாதவர் குழுவில் ஒருவர் இருந்தால், எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைத்துக் கொடுத்துவிடலாம்.

போன்? ஐபோனில் முடியும். ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் வேறுபடும், நம்பி வாங்க முடியாது.

எந்த வரிசையில் வாங்குவது

1. ஒன்றும் வாங்காமல் அளந்து பாருங்கள். ஜாமுலஸ் இலவசம், திறந்த மூலம். ஃபோல்கர் ஃபிஷர் 2006இல் தொடங்கியது. அதை நிறுவி, பக்கத்தில் உள்ள ஒரு சர்வரில் சேர்ந்தால் மொத்தத் தாமதத்தைக் காட்டும். 43 மில்லி விநாடி வரை பச்சை, 68 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நீங்கள் வாசித்தது சர்வருக்குப் போய் உங்களிடமே திரும்பும் நேரம் அது. மற்றவர்களின் அமைப்பும் உங்களுடையதைப் போலவே இருந்தால், அவர்களுக்கு நீங்கள் கேட்கும் தாமதமும் ஏறக்குறைய அதுவே.

2. லேன் கேபிளும் கம்பி ஹெட்ஃபோனும். மறுபடி அளங்கள். இங்கேயே மஞ்சளுக்கு வந்துவிட்டவர்கள் பலர் இருப்பார்கள்.

3. பிங் குறைவாக இருந்தும் மொத்தத் தாமதம் கூடுதலாக இருந்தால் குறை உங்கள் கணினியின் ஒலிப் பாதையில். அப்போதுதான் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும். பிங்கே கூடுதலாக இருந்தால் எந்தப் பெட்டியும் அதைக் குறைக்காது.

4. அப்புறம் மைக்.

குழுவாக முடிவெடுப்பவர்களுக்கு ஒன்று. ஒருவர் உயர்தரப் பெட்டி வாங்குவதைவிட எல்லோரும் எளிய பெட்டியும் கேபிளும் வைத்திருப்பது நல்லது. மிகப் பின்தங்கிய ஒருவரின் தாமதத்துக்கு ஏற்பத்தான் மற்ற எல்லோரும் வாசிக்க வேண்டியிருக்கும்.

சர்வரும் மென்பொருளும்

ஜாமுலஸ் நடுவில் ஒரு சர்வரை வைத்துக் கலக்கிறது. சோனோபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் சர்வர் இல்லாமல் ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் நேராக இணைக்கிறது. இருவர் மூவர் என்றால் நேர் இணைப்பு குறுகிய பாதை. ஐந்து பேர் ஆனால் ஒவ்வொருவரும் நான்கு பேருக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். சுருக்காத ஒற்றைத் தட ஒலிக்கு அதுவே மேலேற்றத்தில் விநாடிக்கு 3 மெகாபிட்டைத் தாண்டும். அப்போது சர்வர் முறை சுலபம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்தில் பிறந்த ஜாக்டிரிப் ஒலியைச் சுருக்காமலே அனுப்பும்; தரம் உயர்வு, அமைப்பதில் வேலை கொஞ்சம் கூடுதல்.

சர்வர் எல்லோருக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஐந்து பேர் வேறொரு கண்டத்துச் சர்வரில் சந்தித்தால் ஒலி அங்கே போய்த்தான் திரும்பும். பொதுச் சர்வர் அருகில் இல்லையென்றால் மேகக் கணினி ஒன்றை வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். சிறு குழுவுக்கு ஆக மிகச் சிறிய அளவே போதும்.

எந்தக் கருவியும் தாண்ட முடியாத தூரம்

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது; 200 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி விநாடி. 1,000 கிலோமீட்டருக்கு 5. ஆனால் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல இடங்களில் நின்று மாறித்தான் போகின்றன. ஆகவே உண்மையில் இது இன்னும் கூடும். 5,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரோடு, எல்லாம் மிகச் சிறப்பாக இருந்தாலும், 25 மில்லி விநாடி இழையிலேயே கரைந்துவிடும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோள் வழி இணையத்தில் ஒரு பக்கம் போகவே 240 மில்லி விநாடிக்குக் குறையாது. இங்கே புதிய பெட்டி வாங்குவது வீண்.

ஆனாலும் வழிகள் இருக்கின்றன. நீண்டு ஒலிக்கும் மெதுவான இசை, கூர்மையான தாளத்தைவிட அதிகத் தாமதத்தைப் பொறுக்கும். 40, 50 மில்லி விநாடியிலும் தாளம் பிடிப்பவர் யாருக்காகவும் காத்திருக்காமல் தன் காலப்பிரமாணத்தில் போய்க்கொண்டே இருந்தால், மற்றவர்கள் அவரைத் தொடரலாம். அவருக்கு மற்றவர்கள் பிந்தித்தான் கேட்பார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழக வேண்டும், அது தனித் திறமை.

அதையும் தாண்டிய தூரத்துக்கு நின்ஜாம் என்ற மென்பொருள் வேறு பாதையில் போகிறது. தாமதத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அதை ஒரு முழுத் தாளச் சுற்று அளவுக்கு நீட்டிவிடுகிறது. நீங்கள் இப்போது வாசிப்பது மற்றவர்களுக்குச் சரியாக ஓர் ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) கழித்து, சமத்தில், அதாவது சுற்றின் தொடக்க இடத்தில், வந்து விழும். எல்லோரும் மற்றவர்களின் முந்தைய சுற்றோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒரே கட்டமைப்பு திரும்பத் திரும்ப வரும் இசைக்கு இது அழகாகப் பொருந்துகிறது, சங்கதிகளையும் எதிர்பாராத நிறுத்தங்களையும் மட்டும் கைவிட வேண்டியிருக்கும். இதில் வைஃபையும் உள்ளமைந்த ஒலி அட்டையும்கூடப் பெரிய தடையில்லை. கேட்பதற்குக் கம்பி ஹெட்ஃபோன் மட்டும் அப்போதும் வேண்டும்.